பாதிச் சொல்

செங்கல்பட்டு ஏரி ஜன்னலில் வந்து, நீண்டு, முடிந்ததும் பெனிட்டா அதை மறுபடியும் கேட்டாள். இனிமேல் கேட்கக் கூடாது என்று தாம்பரத்தில்தான் முடிவு செய்திருந்தாள். முடிவு செய்ததும் மனசு கொஞ்சம் ஆறினாற்போலவும் இருந்தது. ஆனால் இயர்போன் காதிலேயே இருந்தது, கட்டைவிரல் போன் மேலேயே கிடந்தது, ஏரித் தண்ணீரில் வெயில் தகரம் மாதிரி அடித்துக் கண் கூசி மூடிய நேரத்தில் விரல் தானாக அமுக்கிவிட்டது. ஆல்பத்தின் அறிவிப்புக்காக, அதைத் தொகுக்கும் லோகு வெட்டி ஒட்டிய சின்னத் துணுக்கு. 'கிடங்கு, மூன்றாம் தொகுப்பு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி' என்று எழுத்து ஓட, பின்னால் ஒவ்வொருவருடைய டிராக்கிலிருந்தும் ஒரு கடி. நர்ஸ் வேலை பார்க்கும் பூரணியுடையது முதலில், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல. அப்புறம் அவளுடையது. 'கொடுக்காப்புளி' என்று அவள் பெயர் வைத்திருந்த டிராக்கின் ஓரத்திலிருந்து கிள்ளி எடுத்த ஒரு மணிச்சத்தம். ஒரு வருஷம் உட்கார்ந்து செய்த அதை, இந்தத் துணுக்கில் அவள் ஒரு தடவைகூட ஒழுங்காகக் கேட்டதில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்து வருவது ஹக்கீமுடையது, காது முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிடும். தரையைக் கடப்பாரையால் குத்துகிற மாதிரி ஓர் அடி, பின்னால் ஏதோ இயந்திரங்கள் கூட்டமாக ஓடும் இரைச்சல், அதன் நடுவே ஒரு பெண்குரல். முழுக்குரல்கூட இல்லை, ஒரு சொல்லின் வால். '...காத.' அத்தோடு வெட்டிவிட்டு லோகு அடுத்த ஆளுக்குத் தாவிவிடுகிறான். போகாத. முதல் தடவை, ஆஸ்பத்திரிக் கேன்டீனில் டீயை வாயில் வைத்துக்கொண்டு கேட்டபோதே அவளுக்கு அப்படித்தான் கேட்டது. டீ ஆறி ஏடு படிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். போகாத. அது என் குரல்.

ஆனால் க-வின் மேல் அந்த அடி வந்து விழுகிறது. சரியாக அந்த இடத்தில். வேண்டுமென்றே வைத்தானோ, லோகு வெட்டியதில் அப்படி அமைந்ததோ, க மெலிந்து வருகிறதா அழுந்தி வருகிறதா என்று தெரியாமல் நசுங்கிப் போகிறது. மெலிந்தால் போகாத. அழுந்தினால் கேக்காத, பாக்காத, சிரிக்காத, தூக்காத, அணைக்காத. அணைக்காத என்றால் விளக்கை அணைக்காத, இல்லை ஆளை அணைக்காத, அவள் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறாளா, இல்லை, அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருக்கிறாள். அழுகாத? அது ஹக்கீம் சொன்னது. அவன் சொன்னதை அவள் குரலாக எப்படி மாற்ற முடியும், மாற்றலாம், சுருதியை ஏற்றினால் யார் குரலும் யார் குரலாகவும் ஆகும், அதையும் அவள்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அவள் செய்கிற வேலை இதுதான்: நோயாளியின் கண் முன்னால் கண்ணாடியைப் போட்டு, மாற்றி, இப்ப தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி தெளிவா இருந்துச்சா என்று கேட்பது. முதல் நாலைந்து கண்ணாடிவரை எல்லாரும் உறுதியாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு குழம்புவார்கள். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேடம் என்பார்கள், பரீட்சையில் தோற்றவர்களைப் போல. அவளும் இப்போது அங்கே வந்து நின்றிருந்தாள். எத்தனை தடவை கேட்டாளோ, இப்போது அது குரலாகவே இல்லை, வெறும் காற்று, கதவிடுக்கில் வருகிற காற்று.

"கண்ணு, இந்த மூடியக் கொஞ்சம் தொறந்து குடேன்." பக்கத்து இருக்கைக்காரம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஐம்பதை ஒட்டிய வயது, வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு, அதன்மேல் யாரோ பேனாவால் பூ வரைந்திருந்தார்கள். எழும்பூரில் ஏறியதிலிருந்து பெனிட்டாதான் அவளுக்கு வலது கை. டிக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், கமலாப்பழம் உரித்துக் கொடுத்தாள், போன் வந்தால் எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தாள். இடது கை இருக்கிறதே என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. இடது தோளும் தூக்க முடியவில்லையாம், ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில். மூடியைத் திருகிக் கொடுத்தாள். "எங்க கண்ணு எறங்கணும்?" "திருச்சி." "நமக்கு அரியலூரு. அம்மா வீடா?" "அண்ணன் வீடு. புது வீடு கட்டியிருக்காங்க, நாளைக்கு ஃபாதர் வந்து மந்திரிப்பு." "நல்லது நல்லது." தண்ணீர் குடித்துவிட்டு அந்தம்மாள் பெனிட்டாவின் காதைப் பார்த்தாள். "அப்படி என்னதான் கேக்குற? கேக்குற, மூஞ்சியச் சுளிக்கிற, மறுபடி கேக்குற." பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து ஒரு ஆல்பம் பண்ணியிருக்கோம்மா. அஞ்சு மணிக்கு வெளிய வருது." "நீ பாடுவியா?" "பாட மாட்டேன். பாட்டுன்னும் சொல்ல முடியாது. ஆடறதுக்கு. கம்ப்யூட்டர்ல சத்தத்த வெச்சு செய்யறது." "வெறும் சத்தமா?" "வெறும் சத்தம்தான்." "சத்தத்துக்கா இம்புட்டு பதட்டம்" என்றாள் அந்தம்மாள், கிண்டலாக இல்லாமல், உண்மையாகவே யோசித்து. அப்புறம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரயில் ஓடும் சத்தம் தாளம் மாதிரி இருக்கும் என்று சொல்கிறவர்களைப் பெனிட்டாவுக்குப் பிடிக்காது. கிடங்குக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சொல்வார்கள். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். இப்போது ரயில் ஓடுகிறது, தண்டவாளம் அதுபாட்டுக்கு எதையோ சொல்கிறது, அதில் ஒரு ஒழுங்கும் இல்லை, இருந்தாலும் அவள் தலைக்குள் அது காத, காத, காத என்றுதான் விழுகிறது. கிடங்கு என்பது இடத்தின் பெயராகத்தான் தொடங்கியது. ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடி. சாயங்காலத்துக்குமேல் கூட்டம் சேர்ந்தால் போலீஸ் வந்துவிடுகிறது என்று லோகுதான் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாற்றினான். பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊரே தூங்குகிற நேரம், எவன் சந்தேகப்படுவான் என்றான். ஜன்னல்களில் கறுப்புத் தார்ப்பாய் கட்டி, வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சிவப்பு பல்பு ஒன்றின் கீழ் முப்பது நாற்பது பேர் வேர்வையில் நனைந்து ஆடுவார்கள். முடிந்து வெளியே வந்தால் இன்னும் பகலாகவே இருக்கும், பழவண்டிக்காரர் அப்படியே நிற்பார், அந்த வெளிச்சத்தில் எல்லாரும் திருடர்கள் மாதிரி முழித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு அந்த மாடி போய், இப்போது வியாசர்பாடியில் ஓடாத ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி அறை. மண்டபத்துக்காரரிடம் கம்பெனி ட்ரெயினிங் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் தெரியும் என்று பெனிட்டா நினைக்கிறாள். அங்கே அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பெண்களை இடித்துக்கொண்டு ஆடியவனை ஒரு கையால் சட்டையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டவள். ஸ்பீக்கர் புகைந்தபோது பதறாமல் ஒயரைப் பிடுங்கியவள். அக்கா இருந்தா பயமில்ல என்று பூரணி சொல்வாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை போடப்போகிறார்கள். அந்தக் குரல் வரும்போது கைகள் மேலே போகும். அவளுக்கு அந்தக் கூட்டத்தை நன்றாகத் தெரியும், எந்த இடத்தில் கத்துவார்கள் என்று தெரியும். பந்தி அறைச் சுவர்களில் அவள் குரல் மோதித் திரும்பி வரும். போகாத. போகாத. அவள் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று அதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அவளும் ஹக்கீமும் சேர்ந்து இருந்த பெரம்பூர் வீட்டின் சமையலறை, ஒரு காலை. அதற்குள் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தாள், ரயில் திண்டிவனம் தாண்டுவதற்குள் கால் அங்கேயே போய் நின்றுவிட்டது. ஹக்கீமின் அப்பாவுக்கு, அவன் வாயில் அத்தாவுக்கு, பக்கவாதம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் அவர்களுடையது, பார்க்க ஆள் இல்லை, இவன் ஒரே பிள்ளை. அந்த ஊரிலிருந்து ஓடிவந்தவன் என்பதால்தான் மேடைக்குத் 'தோல்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். எங்க வீட்டுக் கதவத் தொறந்தாலே இந்த நாத்தம்தான், அதையே பேரா வெச்சுக்கிட்டா பயம் போயிரும் என்பான். போகிறேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: போறதுன்னா போ, யாரு புடிச்சு வெச்சிருக்கா. சாதாரணமாகச் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே சொன்னாள், சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். அந்தக் காலையில் அவன் பையைத் தோளில் மாட்டினான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை இறக்கி வைக்கத் திரும்பியவள் இறக்கி வைக்கவில்லை. கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை அவன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டது. போகாத, ஹக்கீம், போகாத, நான் என்ன வேணா பண்றேன், இங்கேர்ந்தே பாத்துக்கலாம், நானும் வரேன், மதம் மாறணும்னா மாறிக்கிறேன், போகாத. பள்ளிக்கூட வாசலில் அம்மா விட்டுவிட்டுப் போகும்போது பிள்ளைகள் கத்துமே, அந்தக் குரல். அது தன் தொண்டையில் இத்தனை வருஷமாக எங்கே உட்கார்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். உதறியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவ்வளவு மெதுவாக, வலிக்கக் கூடாது என்பதுபோல விடுவித்தான். அழுகாத என்றான். அப்புறம் எழுந்து, ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்து எதையோ எடுத்துப் பையில் போட்டான்.

ஃப்ரிட்ஜின் மேல். அங்கேதான் நினைவு சிக்கும். அந்த வாரம் முழுக்க அவன் ஃப்ரிட்ஜின் உறுமலைப் பிடிக்க ரெக்கார்டரை அதன் தலையில் வைத்திருந்தான், காலையில் தெரு சத்தம் குறைவு என்று காலையில் ஓடவிடுவான். அவன் போனபிறகு, பால் வாசனை கருகி நிறைந்த வீட்டில், தூசியில் அது இருந்த இடம் மட்டும் துடைத்தாற்போல நீள்சதுரமாகத் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்ததா? சிவப்புப் புள்ளி எரிந்ததா? கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியும். அவன் கையைத்தான் பார்த்தாள். எடுப்பதற்கு முன்னால் பொத்தானை அமுக்குகிற மாதிரி ஒரு விரல் அசைந்ததா, இல்லை எடுத்து உள்ளே போட்டதுதானா, அசைந்தது, அசையவில்லை, இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா. அது நடந்து இரண்டு வருஷம். அவன் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. சத்தம் என்றால் எதையும் விடமாட்டான் அவன். மசூதிச் சுவரில் காதை வைத்துக் கேட்பான், செத்த வீட்டு வாசலில் பந்தல் பிரிக்கிற சத்தம் நல்லா இருக்கு என்று நின்றுவிடுவான். அப்படிப்பட்டவன் கையில் அது கிடைத்தால்.

விருத்தாசலம் வருவதற்கு முன்னால் அவள் லோகுவுக்கு எழுதினாள்: ஹக்கீம் டிராக்க எடுத்துடு, காரணம் அப்புறம் சொல்றேன். அனுப்பவில்லை. அழித்தாள். ஹக்கீமின் பெயரைத் தேடி எடுத்து, என் குரல எடுக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா என்று எழுதினாள். அதை அனுப்பினால் அவன் ஒருவேளை, எது உன் குரல் என்று கேட்பான். அப்போது என்ன சொல்வது? நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியது என்றா? மறந்திருந்தாலும் ஞாபகப்படுத்திய மாதிரி ஆகும். அதையும் அழித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை லோகுவின் கடைக்கே போயிருந்தாள், ராயப்பேட்டையில் டீ-ஷர்ட்டுக்கு அச்சடிக்கிற கடை. வெளியாகும்வரை ஒருவர் டிராக்கை இன்னொருவர் கேட்கக் கூடாது என்பது முதல் தொகுப்பிலிருந்தே அவன் வைத்திருக்கும் விதி. எல்லாருக்கும் ஒரே நேரத்துல, அதான் மரியாதை என்பான். அன்றைக்கு அச்சுச் சட்டத்தில் ஒட்டிய மையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "ஹக்கீமோடதுல ஒரு லேடி வாய்ஸ் வருதே, யாருது?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும். ஏன்?" "சும்மா." "சும்மா கேக்கற மூஞ்சியா இது?" சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அப்போது சொல்லியிருக்கலாம். லோகு நல்லவன், ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் எடுத்திருப்பான். ஆனால் எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும், தள்ளிப்போகும், பூரணி தன்னுடைய முதல் டிராக் வருகிறது என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், டியூட்டிகூட மாற்றி வாங்கியிருக்கிறாள். அதெல்லாம் காரணமா? இல்லை. எடுக்கச் சொன்னால் எதற்கு என்று ஒரு கதை சொல்ல வேண்டும். அக்கா இருந்தா பயமில்ல. "வெட்டுன இடம் நல்லா இருக்கு, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இத்தனைக்கும் இன்றைக்கு அவளுடையதும் வருகிறது. கொடுக்காப்புளி. ஒரு வருஷ வேலை. அதை நினைத்து ஒரு நிமிஷம்கூடச் சந்தோஷப்படவில்லையே என்று திடீரென்று கோபம் வந்தது. ஹக்கீம் மேல்தான் வந்தது. அவனுடைய பாதிச் சொல் அவளுடைய முழு நாளைத் தின்றுவிட்டது.

விருத்தாசலம் போய், வெயில் மஞ்சளாக இறங்கி, முந்திரித் தோப்புகள் ஓடத் தொடங்கியபோது போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஐந்தாகப் போகிறது. அவள் எழுந்து கதவருகே போனாள், திரும்பி வந்தாள், ஜன்னல் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தாள். வட்டம் சுற்றியது. இந்நேரம் அங்கே எல்லாரும் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். லோகு கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பூரணி பேருந்தில், எல்லாரும் ஒன்று இரண்டு என்று வந்து மூன்றாவதுக்கு வரப்போகிறார்கள், மூன்றாவதில் அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் தெரியாது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்த பைக்குள் போன் அடித்தது. "கண்ணு, அதக் கொஞ்சம்" என்றாள் அந்தம்மாள். பெனிட்டா ஒரு கையால் தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு கையால் அவள் போனை அவள் காதில் வைத்தாள். எந்த கம்பெனி சிம்மோ, அதற்கு மட்டும் சிக்னல் கிடைத்திருக்கிறது. "ஆங், சொல்லு. மோட்டார் போட்டியா? போட்டியா இல்லியா? அத மொதல்ல சொல்லு. தொட்டி ரொம்பறத யாரு பாக்குறா? நீ பாரு. டீவி பாத்துக்கிட்டு உக்காராத." ஆத. உக்காராத. பெனிட்டாவுக்கு உடம்பு கூசியது. இந்த ஊரே ஆத ஆத என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறது, யாரும் யாரையும் எதையும் செய்யவிடாமல். போன் காதில் சுட்டது. அந்தப் பக்கத்து மனுஷர் நிதானமாகப் பேசிக்கொண்டே போனார். வைத்துவிட்டு அந்தம்மாள், "ரொம்ப தொந்தரவு குடுக்குறேன் ஒனக்கு" என்றாள். "பரவால்லம்மா" என்றாள் பெனிட்டா. வட்டம் நின்றிருந்தது. மூன்றாம் தொகுப்பின் படம், கறுப்புத் தார்ப்பாயில் ஒரு கிழிசல், அதன் வழியே வெயில், திரையில் முழுதாக இறங்கியிருந்தது.

முதலிரண்டைத் தாண்டி நேராக அங்கே போனாள். அடி தொடங்கியது. நிதானமாக, அவசரமே இல்லாமல். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. தையல் மெஷின்கள்தான், இப்போது தெரிந்தது, ஒரு கூடம் நிறையத் தையல் மெஷின்கள், ஒன்று தூரத்தில், ஒன்று காதோரத்தில். நன்றாக இருந்தது. அதுதான் முதலில் அவளைத் தாக்கியது, நன்றாக இருக்கிறதே என்று. மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன. அந்த வெற்றிடத்தில் குரல் வந்தது. "அங்க நிக்காத. தள்ளு, தள்ளு. நடுவுல வந்து நிக்காத." தடித்த, வெற்றிலை போட்ட மாதிரியான, வயதான ஒரு பெண்ணின் குரல். பின்னால் நாலைந்து பெண்கள் சிரிக்கிறார்கள். ஓர் ஆண் ஏதோ முனகுகிறான், ஹக்கீம்தான், மன்னிப்புக் கேட்கிறான் போல. அந்த நிக்காத-வின் வாலைப் பிடித்து அடி மறுபடி விழுகிறது, மெஷின்கள் மொத்தமாகக் கிளம்புகின்றன, ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கைகள் மேலே போகும். நிக்காத. இத்தனை சொற்களில் அது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விட்டாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். அவ்வளவுதானா? அவ்வளவுதான். யாரோ ஒரு பெண் வழியை மறைத்தவனைத் திட்டியிருக்கிறாள். சிரிக்கலாம். சிரிக்கத்தான் வாய் போனது.

ஆனால் டிராக் ஓடிக்கொண்டே இருந்தது, அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்பதில் வேறொன்று இருப்பது அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. தேடிக்கொண்டிருந்தாள். மெஷின்களுக்குக் கீழே, அடிக்குக் கீழே, எங்காவது அந்த உறுமல் இருக்கிறதா, பெரம்பூர் தெருவின் காய்கறிக்காரர் இருக்கிறாரா, ஒரு மூச்சு, பாத்திரம் விழுகிற சத்தம், எதுவாவது. இயர்போனைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு தேடினாள். ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க ஆம்பூர். தோலும் ஊசியும் அந்தப் பெண்களும். அவளிடமிருந்து அவன் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் நீர் கட்டியது. அவளுக்கு அது நிஜமாகவே விளங்கவில்லை, ஒரு வாரம் தூங்காமல் எது இருக்கக் கூடாது என்று செத்தாளோ அது இல்லை, இல்லை என்றதும் ஏன் இப்படி. எடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டைக்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது, வாக்கியம் வாக்கியமாக. அவனைக் கூப்பிடக் காரணம் இருந்திருக்கும். ஓ, அதுதானா என்று தோன்றியது. அதை அங்கேயே அப்படியே விட்டுவிட்டு முந்திரித் தோப்பைப் பார்த்தாள்.

அரியலூரில் அந்தம்மாளின் பையை இறக்கிக் கொடுத்தாள். "வந்துருச்சா ஒன் சத்தம்?" என்று கேட்டாள் அந்தம்மாள். "வந்துருச்சும்மா." "நல்லா இருக்கா?" "நல்லா இருக்கு." ரயில் நகர்ந்ததும், இருக்கைக்குப் போகாமல், கதவோரக் காற்றில் நின்றுகொண்டே ஹக்கீமுக்கு எழுதினாள். யோசிக்காமல் எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பினாள்: அந்த அம்மா யாரு? டிக் இரண்டாகி நீலமானது. உடனே. போனைக் கையிலேயே வைத்திருந்தான் போல. 'மெஹருன்னிசா அக்கா. தையல் செக்‌ஷன். மைக்க புடிச்சுக்கிட்டு வழியில நின்னேன், திட்டிட்டாங்க' என்று வந்தது. அடுத்து: 'போட்டுக்கலாமான்னு கேட்டேன். பேரோட போடுன்னு சொன்னாங்க.' கேட்டிருக்கிறான். அவர்களிடம் கேட்டிருக்கிறான். இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தெரிந்தது. 'அன்னைக்கு காலைல ரெக்கார்டர் ஓடிட்டு இருந்துச்சா?' அனுப்பினாள். இந்தத் தடவை நேரம் எடுத்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, எழுதுகிறான், நின்றது. ஒரு சின்ன ஸ்டேஷன் நிற்காமல் ஓடிப் போனது. 'ஓடுச்சு.' அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 'பஸ்ல கேட்டேன். வேலூர் வர்றதுக்குள்ள அழிச்சிட்டேன்.' 'முழுசா கேட்டியா?' 'முழுசா.' பிறகு: 'ரெண்டு தடவ. எறங்கித் திரும்பி வந்துருவேன்னு பயமா இருந்துச்சு. அது உன்னோடது, என்கிட்ட இருக்கக் கூடாதுன்னு அழிச்சிட்டேன்.'

கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறியது. மணல்தான் அதிகம், நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதில் மாலை. திரும்பி வந்திருக்கலாமே என்று எழுதலாம். வந்திருந்தால் அத்தா? வந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இப்போது எப்படி இருந்திருப்போம், தெரியாது. 'டிராக் ரொம்ப நல்லா இருக்கு' என்று எழுதினாள், அது உண்மையாகவும் இருந்தது. 'தேங்க்ஸ்' என்றான். அப்புறம்: 'உன்னோடத இன்னும் கேக்கல.' 'இங்க மெஷின் சத்தம். இதுல வெச்சு கேக்க மனசு வரல. யூனிட்ட மூடிட்டு கேக்கறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் கெளம்பிருவாங்க.' அவள் சரி என்று மட்டும் எழுதினாள்.

திருச்சி ஜங்ஷனில் அண்ணன் அருள் வந்திருந்தான், சட்டையில் சுண்ணாம்புத் தூள். பையை வாங்கிக்கொண்டான். ஃபாதர் காலையிலேயே வந்துவிடுவார், சமையல்காரன் இன்னும் இலை கொண்டுவரவில்லை, குளியலறைக் குழாய் ஒன்று ஒழுகுகிறது, பிளம்பர் போனை எடுக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டில் ஏறினான். ம், ம் என்றாள். இந்நேரம் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தியிருப்பார்கள். அக்காமார்கள் டப்பாவைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ஷட்டரை உள்பக்கமாக இறக்குவான். தோல் வாசனையில், தைக்காத துண்டுகளின் நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்து முதலில் கண்ணை மூடிக்கொள்வான், அப்படித்தான் கேட்பான். கொடுக்காப்புளியின் தொடக்கத்தில் மணி கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, அதைக் குறைத்திருக்க வேண்டும். நடுவில் எல்லாவற்றையும் நிறுத்தியது நீளமோ? நீளம்தான். அவன் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடிக்கட்டும். போன் கையில் சூடாக இருந்தது. மேல்பாலத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டதைச் சற்றுத் தள்ளிப் போனபிறகுதான் அருள் கவனித்தான். திரும்பி வந்தான். "என்னாச்சு? யாருக்காவது வெயிட் பண்றியா?" "இல்ல" என்றாள். கீழே ஏதோ ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. "ஆமா" என்றாள் பிறகு, "ஒரு பத்து நிமிஷம், அருளு. இங்கயே நிப்போம்."